கொக்கி உளி மக்கர் பண்ணுதா? முதலில் கீழே கிடக்கும் சீவலைப் பாருங்கள்

கட்டில் கால் கடைகிறவருக்கு உளியின் முனை எப்போதும் கண்ணெதிரே இருக்கும். சிமிழ் குடைகிறவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வாய் இரண்டு அங்குலம், ஆழம் மூன்று அங்குலம், உள்ளே இருட்டு, சீவல் வேறு முகத்தில் அடிக்கும். முனை எங்கே இருக்கிறது என்று காதும் கையும்தான் சொல்ல வேண்டும். தண்டின் முனை கொக்கிபோல வளைந்து, நடுவே துளை விட்டு, வளைவின் ஓரத்தால் அறுக்கும் கொக்கி உளியை வாங்கிய பலர் ஒரே மாதத்தில் அதை மூலையில் சாத்திவிடுவது இதனால்தான்.

எங்கள் பட்டறை காட்பாடியில். நைனா காலத்தில் கட்டில் கால், தொட்டில் கட்டை, மத்து, பூரிக்கட்டை என்று எல்லாமே வெளிக்கடைசல். குங்குமச் சிமிழுக்கு ஒரு ஆர்டர் வந்தபோதுதான் நான் கொக்கியைக் கையில் எடுத்தேன். முதல் ஆறு மாதத்தில் பாழாக்கிய கட்டை ஒரு கோணி தேறியது; அம்மா அதை எரித்து வெந்நீர் போட்டார். கட்டை ஒன்று போன சத்தம் கேட்டால் நைனா வந்து நிற்பார். என் கையையும் பார்க்க மாட்டார், உளியையும் பார்க்க மாட்டார். குனிந்து லேத்துக்கு அடியில் கிடக்கும் சீவலில் ஒரு பிடி அள்ளி விரலால் கசக்குவார். "சாணை போச்சுடா" என்பார், இல்லையென்றால் "திருப்பிப் புடிக்கிற" என்பார். போய்விடுவார். பத்துக்கு ஒன்பது தடவை அதுதான் கோளாறாக இருக்கும்.

இங்கேயும் அதே முறைதான். லேத்தை நிறுத்துங்கள், ஒரு பிடி சீவலை அள்ளுங்கள், பிறகு உங்கள் கோளாறு எது என்று தேடுங்கள். பச்சைப் பூவரசில் எல்லாம் சரியாக இருந்தால் ஈரமான நாடாவாக, இடியாப்பம் பிழிந்த மாதிரி வரும். காய்ந்த கட்டையில் நாடா வராது, துண்டு துண்டாகத்தான் வரும். ஆனாலும் ஓரம் கத்தியால் நறுக்கியது போலச் சுத்தமாக இருக்க வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே பேசுவது கிளைத் துண்டையோ அடிமரத் துண்டையோ நார் லேத்தின் நீளவாக்கில் ஓடும்படி சக்கில் (கட்டையைக் கவ்விப் பிடித்துச் சுற்றும் பாகம்) மாட்டி, வெட்டுமுகத்திலிருந்து, அதாவது நாரைக் குறுக்கே அறுத்த முகத்திலிருந்து, உள்ளே குடைவதைப் பற்றி. பலகையைத் தட்டையாக மாட்டிக் கிண்ணம் குடைகிறவர்களுக்குத் திசை தலைகீழாக மாறும். அது எங்கே, ஏன் என்று அந்த இடத்தில் வரும்.

"உளி லபக்குனு கவ்வுது, கையே பேத்துக்குது"

கீழே பாருங்கள். நல்ல சீவலுக்கு நடுவே நகம் அளவுக்கு, ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த சில்லு ஒன்று கிடக்கும். கவ்வியபோது பெயர்ந்தது அதுதான்.

பெரும்பாலும் கொக்கியின் வாய் பார்க்கும் திசைதான் காரணம். டெயில் ஸ்டாக் (சக்குக்கு எதிர்முனையில் கட்டையைத் தாங்கும் பாகம்) பக்கம் நின்று சக்கைப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கொக்கியின் துளை நேர் மேலே, கடிகாரத்தில் பன்னிரண்டு மணியைப் பார்த்தால் உளி அறுக்காது, சுரண்டும். ஒன்பது மணிக்குச் சாய்த்து, துளை இடப்பக்கச் சுவரை முழுசாகப் பார்த்தால் வாய் பிளந்த மாதிரி. எவ்வளவு மரம் கிடைக்கிறதோ அவ்வளவையும் கவ்வும், உங்களால் நிறுத்த முடியாது. பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் வைத்துத் தொடங்குங்கள். கொக்கியின் வெளிப்புறச் சாய்வு மரத்தில் உரசிக்கொண்டே வர வேண்டும், அறுக்காமல் வெறுமனே தேய வேண்டும். பிறகு கைப்பிடியை மெல்ல உருட்டினால் ஒரு கட்டத்தில் சீவல் புறப்படும். அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். சீவலின் கனத்தை உருட்டுவதில்தான் கூட்டிக் குறைக்க வேண்டும், தள்ளுவதில் அல்ல.

இதை லேத் ஓடும்போது பழகாதீர்கள். சுவிட்சை அணைத்துவிட்டு, இடது கையால் சக்கைச் சுற்றிக்கொண்டே வலது கையால் உளியை உருட்டிப் பாருங்கள். குடியாத்தத்திலிருந்து பழக வந்த தம்பி ஒருவனுக்கு இரண்டு நாள் இதை மட்டும்தான் கொடுத்தேன். "இன்னாண்ணா, கரண்டே போட மாட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மூன்றாம் நாள் போட்டோம். அன்று ஒரு தடவைகூடக் கவ்வவில்லை.

திசை சரியாக இருந்தும் கவ்வினால் உளியைத் தாங்கும் டூல் ரெஸ்டின் உயரத்தைப் பாருங்கள். முனை கட்டையின் மையத்துக்கு நேராகவோ ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) மேலாகவோ இருக்கட்டும். மேலே இருந்தால் அழுத்தத்தில் உளி கீழே வளையும்போது சுவரை விட்டு விலகும். மையத்துக்குக் கீழே இருந்தால் வளைய வளையச் சுவர் அதை நோக்கி வரும். உளி தானாகவே ஆழமாக இறங்கிவிடும்.

இன்னொன்று, கொக்கியின் வளைவு தொடங்கும் கழுத்து ரெஸ்டின் மேல் உட்காரக் கூடாது. தண்டின் நேரான பாகம்தான் உட்கார வேண்டும். அறுக்கும் புள்ளி தண்டின் நேர்கோட்டைவிட்டு விலகி இருந்தால் மரம் உளியைத் திருகப் பார்க்கும். அந்தத் திருகலை ரெஸ்ட் தாங்காது, உங்கள் மணிக்கட்டுதான் தாங்க வேண்டியிருக்கும்.

"சீவலே வரல, தூளா கொட்டுது"

தூள் கொட்டினால் உளி சுரண்டுகிறது என்று பொருள். ஒன்று, மேலே சொன்ன பன்னிரண்டு மணிக் கோளாறு. அது இல்லையென்றால் முனை மழுங்கல்.

கட்டைவிரல் நகத்தில் முனையை மெதுவாக வைத்து, அழுத்தாமல் நகர்த்திப் பாருங்கள். நகத்தில் பிடித்து நின்றால் கூர் இருக்கிறது. வழுக்கினால் இல்லை. கொக்கி சின்னது என்பதால் அரை மணி நேரம் கூர் நிற்கும் என்று நினைக்காதீர்கள். புளி வைரத்தில் குடைந்தால் நான் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தீட்டுகிறேன்.

தீட்டுவதை உள்பக்கம் செய்யுங்கள். வெளிச்சாய்வு தினமும் மரத்தில் உரச வேண்டிய இடம். அதைச் சாணைக்கல்லில் தேய்த்துக்கொண்டே போனால் வடிவம் மாறி, நேற்று பழகிய கோணம் இன்றைக்கு உதவாது. பென்சில் கனத்துக்கு ஒரு உருண்டைக் குச்சியை எடுத்து, நைசான உப்புத்தாளை இறுக்கமாகச் சுற்றி ஒட்டுங்கள். அதைக் கொக்கியின் துளைக்குள் விட்டு நாலைந்து தரம் சுழற்றினால் போதும். வெளிப்பக்கம் மெல்லிய பிசிர் நிற்பது விரலுக்குத் தெரியும். அதைத் தோல் துண்டில் இழுத்து எடுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல் பதனிடுகிற ஊர்கள். வெட்டுத்தோல் துண்டுக்கு நமக்குப் பஞ்சமே இல்லை.

மோட்டார் சாணையில் வைத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு டம்ளர் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கார்பன் ஸ்டீல் கொக்கியில் ஓரம் நீலமாக மாறிவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது. எவ்வளவு கூராக்கினாலும் நிற்காது. நீலம் போகும்வரை அரைத்துத் தள்ளுவதைத் தவிர வழியில்லை.

"உளி கத்துது, சுவர்ல வரி வரியா விழுது"

சீவல் ஒரே நீளத்தில், புள்ளி புள்ளியாக உடைந்து விழும். சத்தத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார்.

ரெஸ்டுக்கு வெளியே தண்டு எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளந்து பாருங்கள். நீட்டம் இரண்டு மடங்கானால் அதே அழுத்தத்துக்கு உளி எட்டு மடங்கு வளையும். தண்டைத் தடிப்பாக்கினால் பலன் அதைவிடப் பெரிது: 10 மி.மீ. தண்டை 12 மி.மீ. ஆக்கினாலே விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ரெஸ்டைச் சிமிழின் வாயை ஒட்டிக் கொண்டுபோங்கள். வாய் அகலமாக இருந்தால் வளைந்த ரெஸ்டை உள்ளேயே நுழைக்கலாம். கைப்பிடி நீளமாக இருக்கட்டும். வெளியே நீட்டியிருப்பதைப் போல நாலு மடங்காவது வேண்டும். பிடியின் பின்பகுதியை அக்குளில் இடுக்கிக்கொண்டால் உடம்பே உளியைத் தாங்கும்.

உளி தப்பில்லை என்றால் சுவர் ஆடுகிறது. சுவரை மெலிசாக்கிவிட்டு அடியைக் குடையப் போனால் இந்தக் கத்தல் வரத்தான் செய்யும். மேலே முடித்த இடத்துக்குத் திரும்பப் போகாதீர்கள். இடது உள்ளங்கையை வெளிச்சுவரில் லேசாக அணைத்துப் பிடித்தால் ஓரளவு அடங்கும், ஆனால் வழுவழுப்பான கட்டையில் மட்டும் இதைச் செய்யுங்கள். வேகத்தைக் கூட்டுவதாலும் இது சரியாகாது. 10 செ.மீ. விட்டக் கட்டைக்கு நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்று தாராளம்.

"சுவர்ல கை வெச்சா முள்ளு முள்ளா இருக்கு"

இந்தக் கோளாறுக்குத்தான் கேள்வி அதிகம் வருகிறது. இதற்குப் பெரும்பாலோர் தேடும் தீர்வு உப்புத்தாள், அது தப்பு. பிய்ந்த நாரை உப்புத்தாளால் தேய்த்தால் பஞ்சு மாதிரி படுக்கும், வார்னிஷ் பட்டதும் மறுபடி எழுந்து நிற்கும்.

வீட்டில் ஒரு தென்னந்துடைப்பம் எடுங்கள். குச்சிகள் மேலே பார்க்கும்படி கட்டைக் கையில் பிடித்து, நடுக்குச்சிகளைக் கீழே இழுத்து, ஓரக்குச்சிகளை உயரமாக விடுங்கள். நடுவில் பள்ளம், ஓரத்தில் உயரம். உங்கள் சிமிழின் உட்புறம் இதுதான், குச்சிகள்தான் நார். இப்போது விரலை நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்துங்கள். ஒவ்வொரு குச்சியும் தனக்கு அடுத்திருக்கும் உயரமான குச்சியின் மேல் சாய்ந்து நிற்கும், வளையாது. உளி வந்தால் அறுபடும். அடுத்து ஓரத்திலிருந்து நடுவுக்கு வாருங்கள். சாய அடுத்தவன் இல்லை, இருப்பவன் குட்டை. குச்சி வளையும், பிய்யும்.

ஆகவே வெட்டுமுகக் குடைவில் உளி நடுவில் நுழைந்து, ஓரத்தை நோக்கி வெளியே வர வேண்டும். ஓரத்திலிருந்து உள்ளே தள்ளுவது வெளிக்கடைசல் பழகிய கையின் பழக்கம். நைனா சொன்ன "திருப்பிப் புடிக்கிற" இதுதான். சீவலில் இது நன்றாகவே தெரியும்: ஒரு ஓரம் சுத்தமாகவும் இன்னொரு ஓரம் நார் தொங்கிக்கொண்டும் இருக்கும்.

பலகையைத் தட்டையாக மாட்டினால் நார் குறுக்கே ஓடும். அப்போது விளிம்பிலிருந்து நடுவுக்குப் போக வேண்டும். இங்கிலாந்தின் பெர்க்‌ஷயரில் பக்கிள்பரி என்ற இடத்தில் ஜார்ஜ் லெய்லி என்று ஒருவர் இருந்தார், 1958இல் இறந்தார். காலால் மிதிக்கும் லேத்தில், எல்ம் மரத்தில், கொக்கி உளியால் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிண்ணங்களைக் குடைந்து எடுப்பார். மோட்டார் இல்லாமலே அதைச் செய்திருக்கிறார். அவருடைய லேத்தும் உளிகளும் ரெடிங் ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவருடைய கொக்கியின் படத்தைப் பார்த்துவிட்டு அதே திசையில் சிமிழைக் குடைய முயன்றவர்களை எனக்குத் தெரியும். கொக்கி ஒன்றுதான், நார் வேறு.

திசை சரியாக இருந்தும் முள் நின்றால் மரத்தைக் கவனியுங்கள். வேம்பில் நார் பின்னிப் பின்னி ஓடும். ஒரு சுற்றில் கால்வாசி உங்களுக்கு எதிராகத்தான் இருக்கும். கடைசிச் சீவலை எடுக்கும் முன் புதிதாகத் தீட்டி, உள்ளே தண்ணீர் தொட்டுத் தடவி, மெல்லிசாக எடுங்கள். பழகுவதற்கு வேம்பை எடுக்காதீர்கள். பூவரசு நல்லது. வெட்பாலை கிடைத்தால் விடாதீர்கள். கர்நாடகத்துச் சென்னபட்டணத்திலும் ஆந்திரத்து ஏடிகொப்பாக்காவிலும் வழிவழியாகப் பொம்மை கடைந்தது அந்த வெள்ளை மரத்தில்தான். ஜவ்வாது மலையடிவாரத்திலும் இருக்கிறது. காட்டு மரத்தில் கை வைக்க வேண்டாம், பட்டா நிலத்துக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். வாகையில் குடைந்தால் மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், தும்மல் நிற்காது.

"கொக்கிக்குள்ள அடைச்சுக்குது"

பச்சை மரத்தில் இது இருக்கும். அடைத்ததும் உளி அறுப்பதை நிறுத்திவிட்டு மரத்தில் உருளத் தொடங்கும். சீவலை மெலிசாக்குங்கள், ஐந்தாறு இழுப்புக்கு ஒரு தடவை உளியை வெளியே எடுத்துத் தட்டுங்கள். லேத் ஓடும்போது சிமிழுக்குள் விரலை விட்டுச் சீவலைத் தோண்டாதீர்கள். இதை எழுத வேண்டியிருப்பதே வருத்தம், ஆனால் செய்கிறார்கள்.

"அடியில நடுவுல மொட்டு நிக்குது"

நட்டநடுவில் மரம் சுற்றினாலும் நகர்வதில்லை, அதனால் அங்கே எந்த உளியும் அறுக்காது. குடைவதற்கு முன்பே 4 நூல் டிரில் பிட்டால் நடுவில் ஓட்டை போட்டுவிடுங்கள். வேண்டிய ஆழத்துக்கு 2 நூல் முன்பாகவே நிறுத்த, பிட்டில் ஒரு துண்டு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். கொக்கி நுழைய வழியும் ஆச்சு, ஆழத்துக்கு அடையாளமும் ஆச்சு.

"நாலு சிமிழ்ல முனை போயிடுது" அல்லது "கொக்கி படக்குனு முறிஞ்சுடுச்சு"

இரண்டும் உலையில் நடந்த தப்பு. கடையில் வாங்கிய கொக்கியில் அபூர்வம், கொல்லுப் பட்டறையில் அடித்து வாங்கியதில் அதிகம். அதற்காகப் பட்டறையைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே தினமும் அடிப்பது அரிவாளும் கடப்பாரையும், அந்தப் பதம் வேறு.

முதலில் இரும்பு. லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துக் கொடுப்பார்கள். அதில் கார்பன் சுமார் 0.6 சதவீதம்தான். அடி தாங்கும், கூர் நிற்காது. பழைய அரத்தில் அதைப் போல இரண்டு மடங்கு இருக்கும். எனக்குப் பிடித்தது பேரிங் செய்கிற இ.என். 31 உருளைக் கம்பி. கார்பன் சுமார் 1 சதவீதம், இரும்புக் கடையில் சொல்லி வைத்தால் கிடைக்கும்.

வளைப்பதை நல்ல சிவப்பில் செய்ய வேண்டும். நிறம் மங்கிய பிறகும் ஒரு தட்டு தட்டி வடிவத்தைச் சரிசெய்தால் உள்வளைவில் மயிரிழை விரிசல் விழும். கண்ணுக்குத் தெரியாது, பத்தாவது சிமிழில் தெரியும்.

தோய்ச்சலுக்கு, அதாவது சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்து இரும்பைக் கடினமாக்க, நிறத்தை நம்பாதீர்கள். வேலூர் வெயிலில் பகலில் உலையின் சிவப்பு யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒரு காந்தத்தைக் கம்பியில் கட்டி வைத்துக்கொண்டு தொட்டுப் பாருங்கள். சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தில் ஒட்டுவதை நிறுத்திவிடும். அதற்குப் பிறகு இன்னும் கொஞ்சம் சூடேற்றி எண்ணெயில் இறக்குங்கள். இ.என். 31ஐத் தண்ணீரில் போட்டால் வெடிக்கும். எண்ணெய் தீப்பிடித்து எழும், மூடுவதற்குத் தகரம் பக்கத்தில் இருக்கட்டும். ஆறியதும் அரத்தால் ஒரு இழுப்பு: வழுக்கிக்கொண்டு போனால் தோய்ச்சல் ஏறிவிட்டது, கடித்தால் ஏறவில்லை, மறுபடி உலைக்கு.

இந்த நிலையில் அது கண்ணாடி மாதிரி. கீழே விழுந்தாலே முறியும். உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்துவிட்டு, கேக் சுடும் ஓவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் வெளிர் வைக்கோல் நிறம் வரும். முனைக்கு அது போதும். பிறகு முனையை ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு, கழுத்தை மட்டும் நீலம் வரும்வரை காட்டுங்கள். கொக்கிகள் முறிவது எப்போதும் கழுத்தில்தான். எங்கள் வீட்டு ஓவனில் இதைச் செய்யப்போய் ஒரு வாரம் கேக்கில் கிரீஸ் வாடை வீசியது, அது தனிக் கதை.

"மரம் சக்கை விட்டு எகிறுது"

நீளவாக்கு நாரில் ஸ்க்ரூ சரியாகப் பிடிக்காது, வைக்கோல் கட்டில் ஆணி அடித்த மாதிரி. நாலு தாடைச் சக்கில், தோள் பதிந்து உட்காரும்படி குமிழ் கடைந்து மாட்டுங்கள். குமிழின் அடி தாடையின் அடியைத் தொடக் கூடாது. வெளிப்புறம் கடையும்வரை டெயில் ஸ்டாக்கை விலக்காதீர்கள்.

முகத்துக்குக் கவசம் போடுங்கள். லுங்கியும் தோளில் துண்டுமாக லேத் முன்னால் நிற்காதீர்கள், துண்டு சக்கில் சுற்றினால் கழுத்தோடு இழுக்கும். அப்புறம் கரண்ட். ஓடும்போது கட்டானால் முதல் வேலை உளியை வெளியே எடுத்துவிட்டுச் சுவிட்சை அணைப்பது. சாதா சுவிட்ச் வைத்த லேத், கரண்ட் வந்ததும் தானாகவே சுற்றும். நீங்கள் அப்போது டீக்கடையில் இருப்பீர்கள், கொக்கி சிமிழுக்குள் இருக்கும்.

"ராத்திரி நல்லா இருந்துச்சு, காலையில வெடிச்சுக் கெடக்குது"

உளி மேல் தப்பில்லை. வெட்டுமுகம் ஈரத்தை மற்ற பக்கங்களைவிட வெகு வேகமாக விடும். அக்னி நட்சத்திரத்தில் பாலாற்றுக் காற்று அடிக்கும் ஊரில் பச்சைச் சிமிழைத் திண்ணையில் வைத்தால் விடியும்முன் பிளக்கும். குடைந்த கையோடு அதன் சீவலையே உள்ளே திணித்து, காகிதப் பைக்குள் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு தடவை சீவலை மாற்றுங்கள். சுவரும் அடியும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும். அடி தடித்தால் அங்கிருந்துதான் வெடிப்பு கிளம்பும். கட்டை வெட்டும்போதே மரத்தின் நடுப்புள்ளி சிமிழுக்குள் வராதபடி ஓரத்திலிருந்து எடுங்கள்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் சீமைக்கருவேலம். ஏரிக்கரை எங்கும் கிடக்கிறது, விறகு விலைக்குத் தருவார்கள். காயும்போது சுருங்குவது மிகக் குறைவு. கடினம், முள் குத்தும், உளியை அடிக்கடி தீட்ட வேண்டும். நான் இப்போது பாதிச் சிமிழை அதில்தான் செய்கிறேன்.

"அடியில வெளிச்சம் தெரியுது"

டார்ச்சைச் சிமிழுக்கு உள்ளே வைத்து, விளக்கை அணைத்துப் பாருங்கள். வெள்ளை மரமாக இருந்தால் மெலிந்த இடம் மஞ்சளாகத் தெரியும், அங்கே இனி உளி போகக் கூடாது. மஞ்சளாக இல்லாமல் வெள்ளையாகவே தெரிந்தால் அது ஓட்டை. அதே மரத்தில் ஒரு காசு அளவு வில்லை கடைந்து, அடியில் படி வெட்டி ஒட்டிவிடலாம். நார்த் திசை ஒத்துப்போகட்டும், இல்லையென்றால் காய்ந்ததும் வில்லை துருத்தும். நான் முதலில் ஓட்டை போட்ட சிமிழுக்கு வில்லை வைக்கவில்லை. நைனா அதைக் கவிழ்த்து, ஓட்டை வழியாக நூல் நுனியை இழுத்து, கட்டை அறுக்க அடையாளம் போடும் சுண்ணாம்புக் கயிற்றுக் கண்டை உள்ளே வைத்துக்கொண்டார். இப்போதும் பட்டறையில் ஆணியில் தொங்குகிறது.